பெயர் சொல்லி அழைத்தலும் பணி கொள்ளலும்

விடியுமுன்னரே தப்பொலி கேட்டுத் துயிலெழுந்த மக்களின் வழித்தோன்றல்கள் நாம். அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் பனி விலகாத காலைப்பொழுதில் பிரட்டுக்களத்தில் கூடி நின்று, பெயர் கூப்பிடக் கேட்டு, அன்றைய வேலை இன்னதென அறிந்து மலையேறியவர்கள் நம் முன்னோர். இவ்விழா மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள் அக்காட்சியைக் கண்ணாரக் காணாதவர் சிலரே இருப்பர். அக்காட்சியையே உவமையாகக் கொண்டு, இக்காலக் கணினிக் கல்வியின் ஒரு முக்கியமான பாடத்தை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

பொருள்நோக்குச் செய்நிரலாக்கத்தில் ஒரு பொருளைப் பெயர் சொல்லி அழைத்து அதன் செயல்முறையை இயக்குவது எங்ஙனம், அவ்வழைப்பு நிரல் ஓடும் வேளையிலே தீர்மானிக்கப்படுவதால் விளையும் நன்மை யாது, தீமை யாது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் நம் மாணவர் பைதன் மொழியைக் கற்கின்றனராதலின், அம்மொழியையே பெரிதும் சார்ந்து கூறுவோம். கணினி அறியாத மூத்தோரும் பின்தொடரக்கூடிய வகையிலேயே எழுத முயன்றுள்ளோம்.

பொருளும் வகுப்பும்

செய்நிரல் என்பது கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளின் தொகுதி. பழைய முறையில் தரவு ஒரு புறமும், அத்தரவைக் கையாளும் கட்டளைகள் மற்றொரு புறமுமாகப் பிரிந்து கிடந்தன. பொருள்நோக்கு முறையிலோ இரண்டும் ஒன்றாகக் கட்டப்படுகின்றன. ஒரு தொழிலாளரைப் பற்றிய பெயர், பதிவிலக்கம் முதலிய தரவுகளும், அவருடைய நாட்கணக்கைப் பார்க்கும் கட்டளைகளும் ஒரே கட்டுக்குள் அமைகின்றன. அக்கட்டுக்குப் பொருள் என்று பெயர். அத்தகைய பொருள்களை ஆக்குவதற்கான அச்சு வகுப்பு எனப்படும். பொருளுக்குள் உறையும் கட்டளைத் தொகுதி செயல்முறை எனப்படும்.

இனி, ஒரு தோட்டத்தின் நாட்கூலியைக் கணக்கிடும் நிரலொன்றை எழுதப் புகுவதாகக் கொள்வோம். கொழுந்தெடுப்பவருக்கு எடை பார்த்துக் கணக்கிட வேண்டும். குறித்த எடை நிரம்பினால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர், மிஞ்சினால் மேலதிகக் கிலோவுக்குக் கைக்காசு. கவ்வாத்து வெட்டுபவருக்குச் செடிகளை எண்ணிக் கணக்கிட வேண்டும். தேயிலை ஆலையில் வேலை செய்பவருக்கு மணிக்கணக்குப் பார்க்க வேண்டும். பழைய முறையில் எழுதுபவர், ‘இவர் கொழுந்தெடுப்பவராயின் இப்படிச் செய், இல்லையேல், இவர் கவ்வாத்துக்காரராயின் அப்படிச் செய், இல்லையேல்’ என்று நிபந்தனைகளைச் சங்கிலியாகத் தொடுத்துக்கொண்டு போவார். மருந்தடிப்பவரையும் சேர்க்க வேண்டும் என்று நாளைக்குத் தோட்ட அலுவலகம் கேட்டால், அச்சங்கிலி வரும் இடங்களையெல்லாம் தேடித் திறந்து திருத்த வேண்டியிருக்கும். ஓரிடம் கண்ணுக்குத் தப்பினால் ஒருவருடைய கூலி தவறிவிடும்.

ஒரே கட்டளை, பல செயல்

பொருள்நோக்கு முறையில் தொழிலாளர் என்னும் தாய் வகுப்பை முதலில் அமைக்கின்றோம். அதன் கீழ்க் கொழுந்தெடுப்பவர், கவ்வாத்துக்காரர், ஆலைப் பணியாளர் என்னும் சேய் வகுப்புகளை அமைக்கின்றோம். ஒவ்வொரு வகுப்பிலும் ‘நாட்கணக்கு’ என்னும் ஒரே பெயருடைய செயல்முறையை எழுதி, அதன் உள்ளடக்கத்தை மட்டும் அவ்வவ் வேலைக்கேற்ப வேறுபடுத்துகின்றோம். பின்னர் முதன்மை நிரல் செய்ய வேண்டியது மிகச் சிறிது. பெயர்ப்பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளையும் வரிசையாக எடுத்து, ‘நாட்கணக்கைச் சொல்’ என்று கேட்டால் போதும். எடை பார்ப்பதா, செடி எண்ணுவதா என்பதை அந்தப் பொருளே அறியும்.

பிரட்டுக்களத்தில் ‘வேலைக்குப் புறப்படுங்கள்’ என்று ஒரே சொல் பிறக்கின்றது. கொழுந்தெடுப்பவர் கூடையை மாட்டிக்கொண்டு நிரைக்குச் செல்கின்றார். கவ்வாத்துக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டு வேறு மலைக்குச் செல்கின்றார். ஆலைப் பணியாளர் கீழிறங்கித் தொழிற்சாலைக்குச் செல்கின்றார். கட்டளையிட்டவர் ஒவ்வொருவர் கையையும் பிடித்துத் தொழில் காட்டுவதில்லை. இவ்வாறு ஒரே பெயருக்குப் பல செயல்கள் அமைவதைப் பல்லுருவாக்கம் என்பர். எந்தச் செயல் என்பது அழைக்கும் கணத்தில், அழைக்கப்பட்ட பொருளைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுதலின், இதனை இயங்குநிலைப் பிணைப்பு என்றும் கூறுவர்.

இதனால் விளையும் பயன் பெரிது. மருந்தடிப்பவர் என்னும் புதிய வகுப்பைச் சேர்க்க வேண்டுமாயின் அவ்வகுப்பை மட்டும் புதிதாக எழுதினால் போதும். அழைக்கும் முதன்மை நிரலில் ஓரெழுத்தும் மாற வேண்டியதில்லை. நேற்று எழுதிய நிரல், இன்று பிறந்த பொருளையும் பணிகொள்கின்றது.

இக்கருத்தின் வரலாறு

இக்கருத்து நோர்வே நாட்டில் முளைத்தது. ஒஸ்லோ நகரிலுள்ள நோர்வேக் கணினி நிலையத்தில் ஒலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்னும் அறிஞர் இருவர் 1960களில் சிமுலா என்னும் மொழியை ஆக்கினர். வரிசையில் காத்திருத்தல், வந்துசேர்தல், பணி முடிந்து செல்லுதல் போன்ற உலக நிகழ்ச்சிகளைக் கணினிக்குள் நடித்துப் பார்ப்பதே அவர்தம் நோக்கம். 1967இல் வெளிப்பட்ட சிமுலா 67 மொழியில் வகுப்பு, பொருள், மரபுரிமை ஆகிய கருத்துகளோடு, சேய் வகுப்புகள் தத்தமக்கேற்ப மாற்றி எழுதிக்கொள்ளத்தக்க செயல்முறை என்னும் கருத்தும் இடம்பெற்றது. இவ்விருவருக்கும் கணினித் துறையின் தலைசிறந்த பரிசாகிய டியூரிங் விருது 2001ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே இருவரும் சில வார இடைவெளியில் இயற்கை எய்தினர்.

அமெரிக்காவில் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்டோ ஆய்வு நிலையத்தில் அலன் கே என்பாரும் அவர்தம் தோழரும் 1970களில் ஸ்மால்டோக் மொழியை வளர்த்தனர். அம்மொழியில் பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. செய்தியைப் பெற்ற பொருள் அதற்கு எவ்வாறு மறுமொழி தருவதென்பதைத் தானே தீர்மானிக்கின்றது. உயிரணுக்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் முறையை அலன் கே தம் கருத்துக்கு உவமையாகக் கொண்டார். விளங்காத செய்தியொன்று வருமாயின், ‘எனக்கு விளங்கவில்லை’ என்று அறிவிக்கும் தனிச் செயல்முறையும் அங்கே உண்டு. இச்சிறு நுட்பத்தை மாணவர் மனத்தில் இருத்துக. பின்னர் அதன் அருமை புலப்படும்.

கணினி இவ்வழைப்பை நிறைவேற்றும் வழி மொழிக்கு மொழி வேறுபடும். சிமுலாவால் தூண்டப்பெற்று பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப் என்பார் 1979இல் தொடங்கி உருவாக்கிய சீ பிளஸ் பிளஸ் மொழியில், வழக்கமாக ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் அட்டவணை அமைக்கப்படுகின்றது. அதன் அறைகளில் செயல்முறைகளின் முகவரிகள் இருக்கும். ஒவ்வொரு பொருளும் தன் வகுப்பின் அட்டவணைக்கு ஒரு சுட்டு வைத்திருக்கும். எத்தனையாம் அறை என்பது நிரலைத் தொகுக்கும்போதே தெரியும். எந்த அட்டவணை என்பது ஓடும்போதே தெரியும். பைதன் மொழியிலோ பெயரையே கொண்டு தேடல் நிகழ்கின்றது. பொருளின் சொந்தப் பண்புகளிலும், அதன் வகுப்பிலும், அதற்கு மேலுள்ள தாய் வகுப்புகளிலும் அப்பெயர் உண்டாவெனக் கணினி முறைப்படி தேடும். தேடுவதற்குச் சிறிது நேரம் கூடுதலாகச் செல்லும். ஆனால் நெகிழ்ச்சி மிகுதி.

பெயரும் தரவாகும் நிலை

இதுகாறும் கூறியதில் செயல் மட்டுமே பின்னர்த் தீர்மானிக்கப்பட்டது. ‘நாட்கணக்கு’ என்னும் பெயர் நிரலில் முன்னரே எழுதப்பட்டிருந்தது. அப்பெயரும் முன்னர்த் தெரியாதிருக்கும் நிலையொன்று உண்டு. அதனை விளக்கவும் தோட்டமே துணை செய்கின்றது.

மேலே கூறிய வகுப்புப் பிரிவினையில் ஒரு குறை இருப்பதை மலையகத்தில் வளர்ந்த எவரும் உடனே கண்டுகொள்வர். திங்கட்கிழமை கொழுந்தெடுத்தவர் செவ்வாய்க்கிழமை கான் வெட்டப் போவார், புதன்கிழமை மருந்தடிப்பார். மனிதர் ஒருவரே; வேலைதான் மாறுகின்றது. பொருளின் வகுப்போ அது தோன்றும்போதே அமைந்துவிடுவது. வேலை காலையில் அமைவது. ஆகவே வேலைக்கொரு வகுப்பு என்று ஆட்களைப் பிரிப்பது உண்மைக்கு ஒவ்வாது. தொழிலாளர் என்னும் ஒரே வகுப்பை வைத்து, அதனுள் கொழுந்தெடு, கவ்வாத்துவெட்டு, கான்வெட்டு, மருந்தடி என்று நான்கு செயல்முறைகளை எழுதுவதே தகும். ஒவ்வொரு நாளும் கணக்கப்பிள்ளை அனுப்பும் தாளில் ஆளின் பதிவிலக்கத்துக்கு எதிரே அன்றைய வேலையின் பெயர் இருக்கும். அப்பெயரைப் படித்து, அதே பெயருடைய செயல்முறையை நிரல் அழைக்க வேண்டும்.

இங்கே செயல்முறையின் பெயர் நிரலில் இல்லை; தாளில் இருக்கின்றது. ஓடும்போது வந்துசேரும் ஒரு சொற்றொடரே பெயராகின்றது. இதற்கு வேண்டிய கருவியைப் பல மொழிகள் தருகின்றன. ஸ்மால்டோக்கில் ‘பெர்ஃபோர்ம்’ என்பதும், ரூபியில் ‘சென்ட்’ என்பதும் இப்பணியைச் செய்வன. ஜாவா மொழி 1997இல் வெளிவந்த தன் 1.1 பதிப்பில், வகுப்புகளின் அமைப்பை நிரலே ஆராய்ந்து பெயரால் செயல்முறையைக் கண்டெடுத்து இயக்கும் வசதியைச் சேர்த்தது. பைதனில் ‘கெட்ஆட்டர்’ என்னும் உள்ளமைந்த சார்பு உண்டு. அதனிடம் பொருளையும் பெயரையும் கொடுத்தால், அப்பெயருடைய செயல்முறையை எடுத்துத் தரும்.

எடுத்துத் தரும் என்றோம். இயக்கும் என்று கூறவில்லை. மாணவர் பலர் வழுக்கும் இடம் இது. கெட்ஆட்டர் தருவது பொருளோடு பிணைக்கப்பட்ட செயல்முறையை மட்டுமே. அதன் பின்னால் பிறைக்குறிகளை இட்டு, வேண்டிய உள்ளீடுகளையும் கொடுத்தாலன்றி எதுவும் நிகழாது. பிறைக்குறியை மறந்தவரின் நிரல் தடையின்றி ஓடி முடியும். வேலை மட்டும் நடந்திராது. ஆளைக் கூப்பிட்டு முன்னே நிறுத்தியதோடு நின்று, போகச் சொல்ல மறந்த கங்காணியின் கதையே இது.

தவறிய பெயரின் விளைவு

தாளில் எழுதிய பெயர் வகுப்பில் இல்லையாயின் என்னாகும்? பைதன் ‘ஆட்ரிபியூட் எரர்’ என்னும் பிழையை எழுப்பி நிற்கும். இது ஸ்மால்டோக்கின் ‘எனக்கு விளங்கவில்லை’ என்னும் மறுமொழிக்கு உறவானது. பிழை கண்டு நிற்பது நல்ல குணம். ஆனால் கெட்ஆட்டருக்கு மூன்றாவது உள்ளீடாக ஒரு மாற்றுப் பெறுமானத்தையும் கொடுக்கலாம். பெயர் கிடைக்காதபோது பிழை எழுப்பாமல் அம்மாற்றையே தந்துவிடும். நிரல் இடையில் நின்றுவிடக் கூடாதென்ற ஆவலில், ஒன்றும் செய்யாத ஒரு வெற்றுச் சார்பை மாற்றாக வைப்போர் உண்டு. அவ்வாறு வைத்த நிரல் நிற்பதே இல்லை. மாத முடிவில் ஒருவருடைய கணக்கில் சில நாட்கள் விழாதிருக்கும். ஏனென்று எவருக்கும் தெரியாது. நின்றுபோகும் நிரல் அலுவலகத்துக்குத் தொல்லை தரும். நில்லாமல் ஓடிப் பிழை செய்யும் நிரலோ தொழிலாளியின் வயிற்றில் அடிக்கும்.

இவ்விடத்தில் தமிழருக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டையும் எடுத்துக்காட்ட வேண்டும். 2008இல் வெளிவந்த பைதன் 3 முதலாக, வகுப்புகளுக்கும் செயல்முறைகளுக்கும் தமிழ் எழுத்திலேயே பெயரிடலாம். மொழியின் ஆதாரச் சொற்கள் ஆங்கிலமாயினும் நாம் இடும் பெயர்கள் தமிழாக இருக்கத் தடையில்லை. நாம் மேலே கூறிய நான்கு பெயர்களையும் அவ்வண்ணமே எழுதலாம். மகிழ்ச்சிக்குரிய செய்தி இது. ஆயினும் யூனிக்கோடு முறையில் ஒகர உயிர்மெய்யை இரண்டு விதமாகக் குறிக்கலாம் என்பதை அறிய வேண்டும். ‘கொ’ என்னும் எழுத்தைக் ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனி இரு குறிகளாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கு அவை வெவ்வேறு.

நிரலுக்குள் பெயராக எழுதியவற்றைப் பைதன், என்.எஃப்.கே.சி. எனப்படும் ஒருசீராக்கும் முறைக்கு உட்படுத்தி, ஒரே குறியுடைய வடிவுக்குத் தானே மாற்றிக்கொள்ளும். கெட்ஆட்டருக்கு வெளியிலிருந்து வந்து சேரும் சொற்றொடரை அது அவ்வாறு மாற்றுவதில்லை. ஆகவே தாளை எழுதியவரின் விசைப்பலகையோ, பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கருவியோ இரு குறிகளாக எழுதியிருப்பின், ‘கொழுந்தெடு’ என்னும் செயல்முறை இருந்தும் இல்லையென்றே கணினி சொல்லும். நம் நான்கு பெயர்களை உற்று நோக்குக. கவ்வாத்துவெட்டு, கான்வெட்டு, மருந்தடி என்பனவற்றில் ஒகரமோ ஓகாரமோ ஔகாரமோ வரவில்லை, அவை தப்பிவிடும். கொழுந்தெடு ஒன்றே அகப்படும். மேற்சொன்ன வெற்று மாற்றும் உடனிருக்குமாயின், கான் வெட்டியவருக்குப் பேர் விழும். கவ்வாத்து வெட்டியவருக்குப் பேர் விழும். கூடை சுமந்து கொழுந்தெடுத்த பெண்களுக்கு மட்டும் பேர் விழாது. தாளையும் நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எத்தனை முறை பார்த்தாலும் கண்ணுக்குப் பிழை தெரியாது.

மருந்து எளியது. வெளியிலிருந்து வரும் சொற்றொடரை அழைப்புக்கு முன் அதே ஒருசீராக்கும் முறைக்கு நாமே உட்படுத்திவிட வேண்டும். அதற்கான சார்பு பைதனோடு வரும் ‘யூனிக்கோடு டேட்டா’ தொகுதியில் உண்டு. ஆயினும் எல்லாப் பிழைகளும் இதனால் தீர்ந்துவிடா. கௌரி என்னும் பெயரைச் சிலர் ளகர எழுத்தை இட்டுக் ‘கெளரி’ என்று தட்டச்சிடுவர். அது உண்மையில் வேறெழுத்தாதலின் ஒருசீராக்கம் அதனைத் திருத்தாது. அதற்கு மனிதக் கண்ணும் கவனமுமே வேண்டும்.

அயலார் வாயில் அழைப்பு

பெயர் வெளியிலிருந்து வருவதனால் வேறோர் ஆபத்தும் உண்டு. தொழிலாளர் வகுப்பில் ‘பதிவைநீக்கு’ என்னும் செயல்முறையும் இருக்கின்றதெனக் கொள்வோம். தாளில் வேலையின் பெயருக்குப் பதிலாக ஒருவர் ‘பதிவைநீக்கு’ என்று எழுதி அனுப்பினால், கெட்ஆட்டர் சற்றும் தயங்காமல் அதனையும் எடுத்துக் கொடுக்கும். வேலைப் பெயர் எது, நிருவாகப் பெயர் எது என்னும் வேறுபாடு அதற்குத் தெரியாது. கேட்டதைக் கொடுப்பதே அதன் தொழில்.

இது வெறுங்கற்பனையன்று. ஜாவா மொழியில் இணையத்தளங்களை அமைக்கப் பயன்படும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் 2 என்னும் சட்டகத்தில், இணைய முகவரியிலேயே செயல்முறையின் பெயரைக் குறித்து அழைக்கும் வசதியொன்று இருந்தது. இயங்குநிலைச் செயல்முறை அழைப்பு என்பதே அதன் பெயரின் பொருள். அவ்வசதி இயக்கப்பட்டிருக்கும் தளங்களில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சூழ்ச்சியான கோவையொன்றை எழுதி, சேவையகத்தில் தாம் விரும்பிய கட்டளையை அயலார் இயக்கக்கூடும் என்பது 2016இல் வெளியாயிற்று. அதே சட்டகத்தில் 2017 மார்ச்சில் வெளியான வேறொரு குறைபாடும் இதன் இனத்தைச் சேர்ந்ததே. வெளியிலிருந்து வந்த எழுத்தை வெறும் எழுத்தாகக் கொள்ளாது, செயல்முறைகளை அழைக்கவல்ல கோவையாகக் கொண்டதே அங்கும் மூலப்பிழை. திருத்தம் வெளியாகியிருந்தும் அதனை உரிய காலத்தில் இடத் தவறியமையால், அமெரிக்காவின் ஈக்குவிஃபாக்ஸ் என்னும் கடன்தகவல் நிறுவனத்தின் கணினிகளுள் அவ்வாண்டு மே மாதத்தில் கள்வர் நுழைந்தனர். ஏறத்தாழ 14 கோடி 70 இலட்சம் மக்களின் தனிப்பட்ட விவரங்கள் அவர் கைப்பட்டன. அழைக்கும் உரிமையை யாரிடம் கொடுக்கின்றோம் என்று ஆராயாமையின் விலை அத்தகையது.

கைக்கொள்ளத்தக்க நெறிகள்

ஆயின் இவ்வுத்தியைத் தள்ளிவிடலாமோ எனின், கூடாது. காலையில் வேலை தீர்மானிக்கப்படும் தோட்டம்போல, ஓடும்போதே பணி தீர்மானிக்கப்படும் நிரல்கள் உலகில் எண்ணிறந்தன. கத்தி கூரியது என்பதற்காகக் கவ்வாத்தை நிறுத்துவாரில்லை. பிடிக்கும் முறையைக் கற்றே பிடிப்பர். நாம் மாணவருக்கு வலியுறுத்தும் நெறிகள் நான்கு.

முதலாவது: வெளியிலிருந்து வரும் பெயரை நேரே கெட்ஆட்டரிடம் கொடுக்காதீர். ஏற்கத்தக்க வேலைப் பெயர்களை ஓர் அகராதியாக எழுதி, ஒவ்வொரு பெயரையும் அதற்குரிய செயல்முறையோடு நீங்களே இணைத்து வையுங்கள். அகராதியில் உள்ள பெயருக்கே அழைப்பு. மற்றவை எவ்வளவு மரியாதையாக வந்தாலும் வாயிலிலேயே நிற்கட்டும். ‘பதிவைநீக்கு’ அவ்வகராதியில் இராதாதலின் அதனை அயலார் அழைக்க இயலாது.

இரண்டாவது: அகராதியில் பெயரை வைக்கும்போதும், தாளிலிருந்து வந்த பெயரை அதில் தேடும்போதும் ஒருசீராக்கத்தைத் தவறாமல் செய்யுங்கள். ஒருபுறம் செய்து மறுபுறம் விட்டால் பயனில்லை. அகராதியும் குறிகளையே ஒப்பிடுமன்றிக் கண்ணுக்குத் தோன்றும் வடிவத்தை ஒப்பிடுவதில்லை.

மூன்றாவது: பெயர் கிடைக்காத இடத்தில் மௌனமாகக் கடந்து செல்லாதீர். எந்தத் தாளில், எந்தப் பதிவிலக்கத்தின் எதிரே, எந்தப் பெயர் விளங்கவில்லை என்பதை எழுதி வைத்து, அலுவலகத்தாரின் பார்வைக்குக் கொண்டுவாருங்கள். ‘எனக்கு விளங்கவில்லை’ என்று சொல்லத் தெரிந்த நிரலே நம்பத்தக்க நிரல். மாணவருக்கும் இது பொருந்தும்.

நான்காவது: பணி தொடங்குமுன் பிரட்டு எடுங்கள். நிரல் இயங்கத் தொடங்கும் கணத்தில், அகராதியிலுள்ள ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்து, அதற்குரிய செயல்முறை உண்டா, அது அழைக்கத்தக்கதா என்று சரிபாருங்கள். வேலை எதனையும் செய்விக்க வேண்டியதில்லை. ஆள் வந்திருக்கின்றாரா என்று அறிந்தால் போதும். இயங்குநிலை அழைப்பின் பெருங்குறை, பிழை அழைக்கும் கணம்வரை மறைந்து கிடப்பதே. எப்போதாவது ஒரு முறை மட்டும் அழைக்கப்படும் செயல்முறையின் பெயர் தவறியிருப்பின், அது பல மாதம் கழித்தே வெளிப்படும். தொடக்கத்தில் எடுக்கும் பிரட்டு அக்குறையைப் பெரும்பாலும் நீக்கிவிடுகின்றது. மலைக்குப் போன பிறகு ஆள் இல்லையென்று காண்பதினும், களத்திலேயே காண்பது நன்றன்றோ?

முடிவுரை

அழைப்பவர் பெயரை அறிவார். செயலைப் பொருள் அறியும். இரண்டையும் இணைக்கும் பட்டியல் மட்டும் நம் பொறுப்பில் இருக்க வேண்டும். இக்கட்டுரையின் சாரம் இதுவே.

பட்டியலில் பெயர் இருத்தலின் அருமையை நம்மினும் நன்கறிந்தவர் யார்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால், இம்மலைகளைப் பொன் விளையும் நிலமாக்கிய மக்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அவருள் எஞ்சியோர் குடியுரிமைக்காகக் காத்திருந்தனர். பிறந்து வளர்ந்த மண்ணிலேயே, பதிவேட்டில் பெயர் இல்லையென்ற மறுமொழியைக் கேட்டு நின்ற முதியோரை நம் இல்லங்களிலேயே கண்டிருக்கின்றோம். அவர்தம் பேரன்மாரும் பேத்திமாரும் இன்று கணினியின் முன் அமர்ந்து, பிறருடைய பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றும் நிரல்களை எழுதத் தொடங்கியுள்ளனர். ஒரு கொம்பும் காலும் பிரிந்து நின்றமையால் ஒருவருடைய பெயர் விழாமற் போகலாகாது என்னும் கவலை, மற்றெவரினும் அவர்க்கு மிகுதியாக இருத்தல் வேண்டும்.

வகுப்புத் தொடங்குமுன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, ‘உள்ளேன் ஐயா’ என்னும் மறுமொழியைக் கேட்ட பின்னரே பாடம் தொடங்கிய நம் ஆசிரியப் பெருமக்களை இவ்வேளையில் நன்றியோடு நினைக்கின்றோம். வராத பிள்ளைக்கு ஒரு கோடிட்டுவிட்டு அவர்கள் அமைந்துவிடவில்லை. ஏன் வரவில்லையென்று லயத்துக்கு ஆளனுப்பிக் கேட்டார்கள். நல்ல நிரலின் இலக்கணத்தை நாம் முதலிற் கற்றது அவர்களிடமே.

வாழ்க நம் கல்லூரி! வளர்க மலையகத்துக் கல்வி!